நிலை திரியும் குறி

கருவியிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா? உயிரற்ற பொருளுக்கு அறம் ஏது என்று கேட்போர் உளர். ஆயினும், செய்தவன் கொடுத்த வாக்கு அக்கருவியின் இரும்பிலும் மரத்திலும் உறைந்திருக்கிறது என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். உயர்ந்த விலைக்கு விற்கப்படும் வேட்டைத் துப்பாக்கியில் சித்திர வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும். வால்நட் மரத்தின் மெருகும் தெரியும். குழலும் கட்டையும் செவ்வனே பொருந்தியிருக்கின்றனவா, திருகுகள் உரிய இறுக்கத்தில் உள்ளனவா என்பன தெரிவதில்லை. பேராக் காடுகளின் ஈரத்தில் மரம் உப்பிக் குழலை நெருக்கினால் குண்டு வேறிடம் செல்லும். சுட்டவரோ தம் கை நடுங்கிற்று என்றே எண்ணுவார்.

இந்நோய் வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. காட்டுப் போருக்கென 1944 இல் ஆங்கிலேயர் லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண் துப்பாக்கியை உருவாக்கினர். நான்காம் எண்ணின் உலோகத்தைப் பல இடங்களிற் செதுக்கி, எடையை ஏறக்குறைய 3.2 கிலோவாகக் குறைத்தனர். தூக்குவதற்கு எளிது, நம்புவதற்கு அரிது. இன்று சரிசெய்த குறி நாளை விலகிற்று என்னும் முறையீடு எழுந்தது. 1947 இல் உற்பத்தி நின்றது. மறு ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அதே துப்பாக்கி மலாயாக் காடுகளிற் சுமக்கப்பட்டது. செதுக்கிய உடல் வளைந்ததே காரணம் என்பர் சிலர். தானியங்கித் துப்பாக்கியை விரும்பிய படைத்துறை குறையைப் பெரிதாக்கிற்று என்பர் வேறு சிலர்.

நிறுவைத் தராசு நாள்தோறும் கால் கிலோ குறைத்துக் காட்டினால், அதனை அறிந்தவன் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்வான். மாறாத பிழையோடு மனிதன் வாழ்ந்துவிடலாம். ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் காட்டும் தராசை என் செய்வது? பால்மரம் சீவுபவரின் கத்தி ஆழப் பாய்ந்தால் பட்டையிலே காயம் முண்டாக எழுந்து காட்டிக்கொடுக்கும். கங்காணியும் கண்டிப்பார். நிலை திரியும் குறிக்கோ அத்தகைய சாட்சி இல்லை. பழி சுட்டவன்மேல் விழுகிறது; செய்தவன் தப்பிக்கொள்கிறான். விலை உயர உயர இவ்வநீதி மிகும் எனலாம். பெரிய பெயர் பொறித்த கருவியைச் சந்தேகிக்க எவருக்குத்தான் துணிவு வரும்?

இழப்பு வாங்கியவரோடு முடிவதும் இல்லை. 1907 இல் குமாவுன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்பக்கக் கோரைப் பற்களில் மேலது பாதியும் கீழது எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டின் விளைவு அது என்றும், அதனாலேயே அது தன் இயல்பான இரையைப் பிடிக்க இயலாது போயிற்று என்றும் அவர் எழுதினார். அக்குண்டு தவறியது கையாலோ கருவியாலோ, புலிக்கு இரண்டும் ஒன்றே. சுட்டவன் வீடு திரும்பியிருப்பான். தழை பறிக்கவும் சுள்ளி பொறுக்கவும் காட்டுக்குச் சென்ற பெண்கள் திரும்பவில்லை.