எஞ்சின் நின்றதும் உலகம் தோன்றியதும்

கன்னியாகுமரிக் கடலில் ஒரு ஃபைபர் வள்ளம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்டு எஞ்சின் சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது விளைவு மட்டும்தான். காரணம் டேங்கிலா, குழாயிலா, கார்புரேட்டரிலா? அதை எட்ட மீனவருக்கு இருக்கும் வழியைத்தான் நம் தத்துவ நூல்கள் அனுமானம் என்கின்றன.

அனுமானத்தை நம்பலாமா என்ற வழக்கு தர்க்க நூலான நியாய சூத்திரத்திலேயே வருகிறது. ஆறு பெருகினால் மேலே மழை என்கிறோம். கீழே அடைத்தாலும் ஆறு நிரம்புமே என்று எதிர்வாதி மடக்குகிறார். உரைகாரர் வாத்ஸ்யாயனர் அசரவில்லை. நீரின் வேகம், நுரை, மிதந்து வரும் இலை, பழம், கட்டை எல்லாம் சேர்ந்த பெருக்கே மழைக்குச் சாட்சி என்கிறார். அனுமானம் தவறவில்லை, அரைகுறையாகப் பார்த்தவர்தான் தவறினார்.

வள்ளத்துக்கும் இதுவே பதில். எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழை அமுக்கும்போது எஞ்சின் உயிர் பிடித்தால், குறை எண்ணெய் வரத்தில். குமிழ் உறிஞ்சப்பட்டுச் சப்பிக் கிடந்தால், தடை அதற்கு முன்னால், டேங்குப் பக்கத்தில். டேங்க் மூடியைத் தளர்த்தியதும் காற்று உஸ்ஸென்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை திறக்கப்படவில்லை. காற்று நுழையாத டேங்கிலிருந்து எண்ணெய் எவ்வளவு நேரம் வெளியேறும்? குமிழ் கெட்டியாகியும் எஞ்சின் ஓடாவிட்டால், கார்புரேட்டரையோ பிளக்கையோ பார்க்க வேண்டும். ஆரணி அருகே சேவூரில் பட்டு நெய்பவரும் சேலைக் கரையில் பூ சிதைந்தால் ஜக்கார்டு அட்டையின் துளை, கொக்கி, நூல் என்று இப்படித்தான் ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தைப் பிடிக்கிறார்.

உலகத்துக்கே காரணம் கேட்கும்போதுதான் சிக்கல். குடத்துக்குக் குயவன் போல உலகுக்கும் கர்த்தா உண்டு என்று 10ஆம் நூற்றாண்டின் நியாய அறிஞர் உதயனர் வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் காட்டித்தான் முதல்வனை நிறுவுகிறார். ஆரணி வட்டாரத்தில் இதை ஒப்பாதவர்களும் சைவர்களோடு அடுத்தடுத்து வாழ்கிறார்கள். பூண்டியில் பழைய கோயில் கொண்ட தமிழ்ச் சமணர்களுக்குப் படைப்புக் கடவுள் கிடையாது. பௌத்தரான தர்மகீர்த்தி 7ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்: மண்ணாலான குடத்தைக் குயவன் செய்தான் என்பதற்காக, மண்ணாலான புற்றையும் அவன்தான் செய்தானா?

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குயவன் வனைவதைப் பார்த்திருக்கிறோம். டேங்க் மூடியைத் திறந்து சோதிக்க முடியும். உலகம் உருவானதைப் பார்த்தவர் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு உலகமும் இல்லை. ஆகவே அனுமானத்தை மட்டும் வைத்துக் கடவுளை நிறுவுவதும், அதை மட்டும் வைத்துக் கடவுளே இல்லை என்று முடிப்பதும் அளவு மீறிய காரியங்கள். மெய்கண்டாரே முதல் சூத்திரத்தோடு நிற்கவில்லை. ஒன்பதாம் சூத்திரத்தில், இறைவனை ஞானக்கண்ணால் நாடச் சொல்கிறார். குயவனைக் காட்டிவிட்டு வாதம் முடிந்தது என்று மேடையிலிருந்து இறங்கும் சைவ அன்பர்கள் அந்தச் சூத்திரத்தையும் எடுத்து விளக்க வேண்டும்.