பரதேசியும் மேய்ப்பனும்

மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்று வழங்கும் தெருவின் கோடியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஜெபாலயம் நிற்கிறது. பரதேசி ஜெபாலயம் என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் திருவோடு ஏந்தித் திண்ணையில் படுப்பவனே கண்முன் வருவான். வசைச்சொல்லாகவும் அது தேய்ந்துவிட்டது. வேற்று நாட்டிலிருந்து வந்தவன் என்பதே அதன் முதற்பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளினின்று துரத்தப்பட்டு வந்த யூதரும் அவர் வழியினரும் இப்பெயரைத் தாங்க நாணவில்லை. கொச்சி மன்னரும் தம் அரண்மனை மதிலை ஒட்டியே அவர்களுக்கு இடம் அளித்தார். டச்சுக்காரர் காலத்தில் ஆடை வெளுக்க வந்து, இன்றும் கோட்டைக் கொச்சியின் தோபிக்கானாவில் அத்தொழிலைச் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல், நேற்று வேலை மாற்றலாகி வந்து இறங்கிய குடும்பம் வரை, இவ்வூர்த் தமிழர் அனைவரும் அம்முதற்பொருளில் பரதேசிகளே அல்லரோ!

கிறித்தவ மறைக்கும் இச்சொல் அயலானதன்று. இவ்வுலகில் வாழும் பத்தர்களையே பரதேசிகள் என்று குறிக்கிறது எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம். அதை எழுதியவர் யார் என்பது இன்றளவும் துணியப்படவில்லை. ஆயினும் அதன் இறுதி அதிகாரம், ஒரு கிறித்தவன் பிறருக்குச் செய்யவேண்டிய கடமைகளைச் சில வரிகளிலேயே அடுக்கிவிடுகிறது. முதலில் உடன் விசுவாசியிடம் சகோதர அன்பு; அடுத்து அந்நியரை உபசரித்தல்; அதன்பின் சிறைப்பட்டோரைத் தாமும் உடன் கட்டுண்டவர்போல் நினைத்தல். நடத்துகிறவர்களாகிய ஞானத் தலைவர்கள் அதற்கும் பின்னரே வருகின்றனர். மறைந்த தலைவர்களின் வாழ்வு முடிந்த விதத்தை எண்ணிப் பார்க்கவேண்டும், வாழும் தலைவர்களுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிறது நிருபம். கீழ்ப்படிதலுக்கு அது காட்டும் காரணம் கருதத்தக்கது: அத்தலைவர்கள் ஆன்மாக்களைக் காத்துக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்களாம்.

அந்நியரை உபசரித்தல் என்பதற்கு மூலநூல் ஆளும் கிரேக்கச் சொல் பிலோக்சேனியா. அயலான்மீது அன்பு என்பது அதன் பொருள். தமிழில் விருந்து என்ற சொல்லும் புதுமையையே முதலில் குறித்தது; முன்பின் அறியாது புதிதாய் வந்தவனே விருந்து. சுற்றத்தாரைக் கூட்டி இலைபோடுவதை நாம் விருந்து என்பது பிற்கால வழக்கு. அது செலவு மிக்கதாயினும் எளிது.

இக்கடமைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்றோடொன்று முரணாது போலத் தோன்றும். அவை முட்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. முட்டிய இடமும் இதே மட்டாஞ்சேரிதான்.

மலையாள நாட்டுத் தோமையார் வழிக் கிறித்தவர் நெடுங்காலமாகக் கீழைச் சிரிய சபையிலிருந்து ஆயர்களைப் பெற்றுவந்தனர். வந்த ஆயர் பிற நாட்டார். ஆள்பவர் பிற சமயத்தார். அந்த நிலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. 849-ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்தில் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு அரசர் அளித்த உரிமைகளை வட்டெழுத்தில் கூறுகிறது. சான்றொப்பங்களோ அரபு, பகலவி, எபிரெய எழுத்துகளில் உள்ளன. ஒரு பள்ளிக்குக் கிடைத்த கொடைக்கு மும்மதத்தார் சாட்சி நின்ற காட்சி அது!

போர்த்துகீசியர் வந்தபின் நிலை மாறிற்று. 1599-இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அம்மக்களின் பழைய நூல்களையும் வழக்குகளையும் பிழையென்று தீர்த்தது. அதன்பின் மேனாட்டு இயேசு சபையாரே ஆயர்களாயினர். உள்நாட்டுத் தலைவரான அர்க்கதியாக்கோனின் அதிகாரம் ஒடுங்கிற்று. அரை நூற்றாண்டு மனக்கசப்பு வளர்ந்திருந்த வேளையில், 1652-இல், அகத்தல்லா என்ற சிரிய நாட்டு ஆயர் ஒருவர் நம் மயிலாப்பூரை அடைந்தார். திருத்தந்தையால் அனுப்பப்பட்டவர் என்று தம்மைக் கூறிக்கொண்ட அவரை இயேசு சபையார் காவலில் வைத்தனர். தோமையார் கல்லறையை வணங்க மலையாளத்திலிருந்து சென்றிருந்த இளந்தொண்டர்கள் வாயிலாகச் செய்தி இங்கே எட்டிற்று. அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டனர். அவரைக் காணவேண்டும், அவர் கொண்டுவந்த சான்றுகள் மெய்யா பொய்யா என ஆராயவேண்டும் என்பதே அர்க்கதியாக்கோன் தோமாவின் வேண்டுகோள். பேராயர் கார்சியாவும் போர்த்துகீசிய அதிகாரிகளும் இசையவில்லை. கப்பல் கோவாவுக்குப் போயிற்று. அவரைக் கடலில் ஆழ்த்திவிட்டனர் என்ற பேச்சு பரவிற்று.

1653 சனவரி 3-ஆம் நாள், ஜீவமாதா ஆலயத்தின் முன் மக்கள் குருசைத் தொட்டுச் சூளுரைத்தனர். கை எட்டாதவர் குருசில் கயிறுகளைக் கட்டிப் பற்றிக்கொண்டனர் என்றும், பாரத்தால் குருசு சாய்ந்தது என்றும், அதனாலேயே கூனன் குருசு என்ற பெயர் வந்தது என்றும் மரபு கூறும். அன்று சொன்ன சொற்கள் எவை என்பதில் சபைகளிடையே இன்றும் வழக்குண்டு. இயேசு சபையாரையே விலக்கினர் என்பார் ஒரு சாரார்; உரோமையையே விலக்கினர் என்பார் மறு சாரார்.

அகத்தல்லாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் உடன் விசுவாசி, அந்நியர், சிறைப்பட்டவர், மக்கள் நோக்கில் ஞானத் தலைவரும் ஆவார். நிருபம் தனித்தனியே அடுக்கிய கடமைகள் யாவும் ஒரே மனிதரிடம் வந்து கூடின. எதிரே நின்றவரும் முறைப்படி அமர்ந்த மேய்ப்பர். அம்மேய்ப்பர் பக்கம் நியாயமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. கதவைத் தட்டுகிறவனையெல்லாம் ஆயனென்று உள்ளே விடுகிறவன் மந்தையைக் காப்பவனாகான். கீழ்நாட்டுச் சபைகளின் ஆட்சியில் போர்த்துகல் மன்னருக்குத் திருத்தந்தையரே உரிமை வழங்கியிருந்தனர். பேராயர் சட்டத்தின்மேல்தான் நின்றார். அகத்தல்லா கடலில் மூழ்கவும் இல்லை; ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, உரோமையை அடையுமுன் பாரிசில் இறந்தார் என்று பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். சூளுரைத்தோர் சினத்தில் ஒரு பகுதி பொய்ச்செய்தியால் மூண்டது.

எனினும் பேராயரின் குற்றம் வேறிடத்தில் உள்ளது. மக்கள் கேட்டது அதிகாரத்தை அன்று, விசாரணையை. கணக்குக் கொடுக்கவேண்டியவர் என்பதனால் எழுந்த கீழ்ப்படிதலை, கணக்கே காட்டாமல் கேட்கலாமோ? அயலானுக்கு நான் செய்யவேண்டிய கடமையை எனக்கு விதித்தவர் மேய்ப்பர் அல்லர். ஆகவே அதிலிருந்து என்னை விடுவிக்கவும் அவரால் இயலாது. இந்த அளவில் மட்டாஞ்சேரிக் கூட்டத்தார் செய்தது சரி என்பேன்.

அதற்கு மேலே ஏறிய படிகளில்தான் நெஞ்சு தயங்குகிறது. ‘இக்கட்டளைக்குப் பணியேன்’ என்பது ஒன்று. ‘இனி உமக்கே பணியேன்’ என்பது மற்றொன்று. ‘என் வழிவந்தோரும் பணியார்’ என்பது முற்றிலும் வேறு. முதலாவது மனச்சான்றின் உரிமை. இரண்டாவது பெருந்துன்பத்தில் மன்னிக்கத்தக்கது. மூன்றாவதோ பிறவாத மக்களின் சகோதர அன்பை நாமே அடகு வைப்பதாகும். அவ்வாண்டு மே 22-இல் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் கைவைத்துத் தோமாவை ஆயராக்கினர். உரோமை கார்மேல் சபையாரை அனுப்பிப் பெரும்பகுதியினரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தோமாவின் உறவினரான பறம்பில் சாண்டி 1663-இல் அவர்களுக்கு ஆயரானார். ஒரு குடும்பத்தார் இரு சபைக்குத் தலைவராயினர். மக்கள் பழையகூறு, புத்தன்கூறு எனப் பிரிந்தனர். புத்தன்கூற்று வழிவந்த சபைகளுள் இரண்டு பள்ளிகளின் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், 2017-இல் தீர்ப்புக்குப் பின்னும் பூசல் ஓயாததும் நாடறிந்தவை. அயலானைக் காண விடவில்லை என்று எழுந்தவர்களின் வழியினர், உடன்பிறந்தாரையே பள்ளிக்குள் காணப் பொறாதவராயினர்.

பணியாமலும் பிரியாமலும் நிற்க ஒரு வழி இல்லையோ? அதற்கு விடை, கூனன் குருசுக்குத் தொலைவில்லாத ஜூ டவுனிலேயே கிடைக்கிறது. 1662-இல் போர்த்துகீசியர் கொளுத்திய ஜெபாலயத்தை டச்சுக்காரர் துணையுடன் 1664-இல் யூதர் புதுப்பித்துக்கொண்டனர். அடைக்கலம் பெற்று, எரியுண்டு, மீண்டும் எழுந்த அப்பரதேசிகளே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழியில் வந்த யூதரைத் தம் பலகைகளில் அமர விடவில்லை. வேதச்சுருளை வாசிக்க அழைக்கவும் இல்லை. அவ்வழியில் 1882-இல் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அத்தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கொண்டுசென்றார். தனக்கென வேறு ஜெபாலயம் எழுப்பவில்லை. மூப்பர் விதித்த வேற்றுமைக்குப் பணியவும் இல்லை. ஆண்டுகள் பல சென்றபின் தடைகள் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்று ஊர் அவரை அழைத்தது. 1967-இல் அவர் மறைந்தபோது அவர் இருந்தது அதே சபையில்தான்.

இதைச் சொல்லி யூதரைப் பழிப்பதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பலிபீடத்தின் முன் சாதிக்கு ஒரு கையாக இரு கைகள் கொண்ட ஆலயத்தைக் கட்டி நடுவே சுவரும் எழுப்பியவர்கள் தமிழ்க் கிறித்தவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவானவர் அச்சுவரை இடித்தபோது வழக்கும் தொடுத்தனர். அங்கே மேய்ப்பர் நிருபத்தின் பக்கம் நின்றார், கீழ்ப்படியாமை பிழையாயிற்று. ஆகையால் தலைவரை எதிர்ப்பதே வீரம் என்று நாம் கொள்வதற்கில்லை. எவனுக்காக எதிர்க்கிறோம் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

1948-க்குப் பின் கொச்சி யூதர் பெரும்பாலோர் இசுரயேலுக்குப் பெயர்ந்தனர். யூதர் முறைப்படி கூட்டு வழிபாட்டுக்கு ஆண்கள் பதின்மர் வேண்டும். எண்ணிக்கை அருகியபின், முன்பொருகால் பலகை மறுத்த அந்த ஜெபாலயத்தில், எந்நாட்டிலிருந்தேனும் பயணமாக வரும் யூதர் எவரேனும் உண்டோ என்று வாயிலைப் பார்த்திருந்து பதின்மரை நிறைத்துக்கொண்டனர்.