பெயர்ப்பலகையும் நீர்த்தேக்கமும்

திருவனந்தபுரத்தில் கரமனைப் பகுதியில் வசிக்கும் ஒரு தம்பதியர் அண்மையில் எங்கள் ஆசிரமத்திற்கு வந்திருந்தனர். கணவர் குடிநீர்ப் பணிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். துவாரகையிலும் சோமநாதத்திலும் தரிசனம் முடித்துக்கொண்டு, கட்ச் பாலைவனத்திலுள்ள தோலாவீரா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளையும் பார்த்துத் திரும்பியிருந்தனர்.

பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தேன்.

"அந்த இடத்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம், சுவாமிஜி" என்றார் அன்பர். "அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய நகரமே கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. நான் போட்ட குழாய்களையோ என் கண்ணெதிரிலேயே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். எதற்காக இரவும் பகலும் ஓடினோம் என்று தோன்றிவிட்டது."

அம்மையார் குறுக்கிட்டார். "திரும்பி வந்ததிலிருந்து இவர் எதிலும் மனம் வைப்பதில்லை, சுவாமிஜி. எங்கள் தெருவிலுள்ள பழைய பொதுக்கிணற்றைத் தூர்வாரப் போகிறார்கள். கூட இருந்து மேற்பார்வை செய்யும்படி இவரைக் கேட்டார்கள். 'அதுவும் ஒருநாள் மூடிப்போகும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்."

இது விவேகமா, சலிப்பா? சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பும்வரை நீடிக்கும் துறவு மனநிலையை நம் முன்னோர் மயான வைராக்கியம் என்றனர். இவருடையது வீடு வந்த பிறகும் நீங்கவில்லை. ஆகவே அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தோலாவீரா பெரிய ரண் எனப்படும் உப்புப் பாலைவனத்தின் நடுவே, கதிர் என்னும் தீவில் உள்ளது. 1960-களில் தொல்லியல் அறிஞர் ஜே.பி. ஜோஷி அதன் சிறப்பை வெளிக்கொணர்ந்தார்; பின்னர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் பல ஆண்டுகள் அகழாய்வு நடைபெற்றது. 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 1500 வரை, சிற்சில இடைவெளிகளுடன், மக்கள் அங்கே வாழ்ந்தனர். மழை மிகக் குறைந்த பூமி அது. வற்றாத ஆறும் இல்லை. மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டும் வரும் வெள்ளத்தைத் தடுப்பணைகளால் திருப்பி, நகரைச் சுற்றிலும் அமைத்த தேக்கங்களில் நிரப்பினார்கள். அவற்றுள் ஒன்று மட்டுமே சுமார் 73 மீட்டர் நீளமும் 29 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் கொண்டது. பிற்காலத்தில் வறட்சி மிகுந்தது, வணிகமும் நலிந்தது, நகரம் தேய்ந்து போயிற்று.

அன்பரின் வாதத்தில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, செய்தவை அனைத்தும் அழிகின்றன. மற்றொன்று, ஆகவே அவை வீண். முதலாவதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் இரண்டாவது அதிலிருந்து எப்படிப் பிறக்கிறது? நிலைத்திருப்பதுதான் மதிப்பு என்றால், நகரம் அழிந்த பின்னும் அங்கேயே கிடக்கும் உப்பு அந்நகரத்தைவிட மேலானதாகிவிடும்! ஒரு கோடைநாளில் அந்தத் தேக்கத்து நீரால் ஒரு குழந்தையின் தாகம் தணிந்தது என்றால், அது தணிந்ததுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு கரை சரிந்ததால் அந்தத் தாகம் திரும்பி வந்துவிடுவதில்லை.

மொழிபெயர்ப்பு வேலையில் ஈடுபட்டிருப்பதால் இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. பைபிளில் பிரசங்கி என்ற நூல் உலக வாழ்வை 'ஹெவெல்' என்ற எபிரேயச் சொல்லால் குறிக்கிறது. தமிழ் பைபிளில் அது 'மாயை' என்று வந்துள்ளது. ஆனால் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ஆவி, மூச்சு என்பதே. மூச்சு ஒரு கணமும் நிற்பதில்லை என்பது உண்மைதான்; அதைக் கொண்டுதானே உயிர் வாழ்கிறோம்!

வேதாந்தம் நித்திய அநித்திய விவேகத்தைச் சாதகனின் முதல் தகுதியாக வைக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த விவேகம் சோம்பலில் முடிவதில்லை. காலடியில் பிறந்த சங்கரர் உலகின் நிலையாமையை அவ்வளவு தெளிவாகக் கண்டவர். பாரதம் முழுவதும் நடந்து, பாஷ்யங்கள் எழுதி, 32 ஆண்டுகளுக்குள் அவர் செய்த வேலை எத்தனை! உண்மையான விவேகம் 'நான்' என்ற பிடியைத் தளர்த்தும். அன்பரின் துயரமோ 'நான் போட்ட குழாய்கள்' என்ற இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

அந்த வேலையை அம்மையார் எனக்கு மிச்சமாக்கினார். "அங்கே கோட்டையின் வடக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை கிடைத்ததாம், சுவாமிஜி. மரப்பலகையில் ஜிப்சம் துண்டுகளைப் பதித்து, பத்து எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து எல்லோரும் படிக்கவேண்டும் என்றுதானே அப்படி எழுதியிருப்பார்கள்? இன்றுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தேக்கத்தின் படிக்கட்டைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது. தண்ணீர் இறங்க இறங்க, குடத்தோடு இறங்குவதற்காகக் கட்டிய படிகள். அதை விளக்க யாரும் வேண்டியிருக்கவில்லை."

அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "சரி சுவாமிஜி, பெயரும் நிற்காது, வேலையும் நிற்காது. அப்படியானால் செய்வதற்கு உற்சாகம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பலனில் பற்றின்றிச் செயல்புரிக என்கிறது கீதை. அதை மேடையில் விளக்குவது எனக்குக் கடினமல்ல. எதிரில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் சொல்லும்போது அது வெறும் சொல்லாகவே விழுந்துவிடும் என்று அஞ்சினேன். எனவே வேறொன்று கேட்டேன்: "வெள்ளத்தோடு வண்டலும் வந்திருக்குமே, அதை என்ன செய்திருப்பார்கள்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரின் நிலத்தில் சுமார் 13 மீட்டர் சரிவு இருக்கிறது என்றார். அந்தச் சரிவைப் பயன்படுத்தி ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததற்கு நீர் இறங்கும் முறையை என் மேசைமீதே விரலால் வரைந்து காட்டினார். முதல் தேக்கத்திலேயே பெரும்பகுதி மண் படிந்துவிடும், வாருவதும் எளிது என்றார். அருவிக்கரை நீரைப் பற்றி அவர் முன்பு பேசும்போது கேட்ட அதே குரல். அரைமணி நேரம் போனதை யாரும் கவனிக்கவில்லை.

விடைபெற்று வாசலில் செருப்பை அணியும்போது மனைவியிடம் கேட்டார்: "இடவப்பாதி மழை தொடங்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?"

"மூன்று வாரம்" என்றார் அம்மையார்.

"கிணற்றை வார அது போதும்" என்றபடி அவர் படியிறங்கினார்.