நகரங்களின் தரவரிசையும் விழுமியமும்

நகரொன்றின் சிறப்பினை எதனைக் கொண்டு மதிப்பிடல் தகும் என்பது பழமையானதொரு வினாவாகும். முற்காலத்தில் அரணும் அங்காடியும் வழிபாட்டிடமும் அளவுகோல்களாயின. இக்காலத்திலோ வணிகச் சேவை நிறுவனங்களின் அலுவலகங்கள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தில் பீற்றர் டெய்லர் நிறுவிய ஆய்வு வலையமைப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கணக்காய்வு, விளம்பரம், நிதி, சட்டம், முகாமைத்துவ ஆலோசனை ஆகிய துறைகளின் பெருநிறுவனங்கள் எந்நகரங்களில் எத்தகைய அலுவலகங்களை வைத்துள்ளன என ஆராய்ந்து, நகரங்களை அல்பா, பீற்றா, காமா என அது வகுத்தது. இலண்டனும் நியூயோர்க்கும் அவ்வரிசையின் உச்சியில் நிற்கின்றன.

ஜேர்மனியின் நிலை இங்கு சிந்தனைக்குரியது. தலைநகராகிய பேர்லினில் 36 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். பிராங்பேர்ட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ 7.5 இலட்சமே. ஆயினும் தரவரிசையில் பிராங்பேர்ட்டே முந்தி நிற்கின்றது. இதற்குக் காரணம் ஒரு நகரத்தாரின் திறமையோ மற்றொரு நகரத்தாரின் குறைபாடோ அன்று. 1870இல் டொய்ச் வங்கி தோன்றியது பேர்லினிலேயே. 1945இன் தோல்வியும் அதன்பின் நேர்ந்த பிரிவினையும் அந்நகரின் நிதித்துறையைச் சிதைத்தன. 1948இல் மேற்குப் பகுதிக்கென உருவாகிய மத்திய வங்கி பிராங்பேர்ட்டில் அமைந்தது. 1957இல் அதன் வழிவந்த பூண்டெஸ்பாங்க்கும், 1998இல் ஐரோப்பிய மத்திய வங்கியும் அங்கேயே நிலைகொண்டன. மத்திய வங்கியை ஏனைய வங்கிகளும், அவ்வங்கிகளைச் சட்டத்தரணிகளும் கணக்காய்வாளரும் நாடுதல் இயல்பே.

இதனின்று பெறப்படுவது யாதெனில், தரம் என்பது நகரின் உள்ளார்ந்த பண்பு அன்று. பிற நகரங்களோடு அது கொண்டுள்ள தொடர்பின் அளவேயாம். வரலாற்றின் விபத்துக்களால் வாய்த்ததொன்றை அறத்தகுதியாகக் கொள்ளல் பொருந்தாது.

தொடர்பு பெருகின் தொழிலும் வரிவருமானமும் பெருகும். ஆகவே தரவரிசை நலத்தின் அறிகுறியே எனச் சிலர் வாதிக்கலாம். அதில் உண்மை உண்டு. எனினும் அந்நலம் எவரைச் சென்றடைகின்றது? உயர் ஊதியம் பெறும் நிபுணர்களும், அவர்தம் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் குறைந்த ஊதியத்தினரும் இத்தகைய நகரங்களில் ஒருங்கே பெருகுவதைச் சாஸ்கியா சாசன் 1991இல் எடுத்துக்காட்டினார். அலுவலகத்தை எண்ணும் கணக்கு அதனைக் கூட்டித் துடைப்பவரை எண்ணுவதில்லை. இவ்வளவுகோலுக்குள் அடங்காத நகரங்கள் வாழ்வற்றவைபோல ஒதுக்கப்படுவதை 2002இல் ஜெனிபர் றொபின்சன் கண்டித்தமையும் ஈண்டு கருதற்பாலது.

வீதியிற் செல்லும் வண்டிகளைக் கணக்கிடுபவன் அவ்வீதியோரத்தில் வாழ்வோரின் நலத்தை அறியான். அது அவன் கணக்கின் பிழையன்று. அக்கணக்கையே நலமெனக் கொண்டு, வண்டிகள் பெருகவேண்டுமென வீடுகளை இடிப்போரின் பிழையே அது. தரவரிசை ஆய்வாளனுக்கு ஒரு கருவி. ஆள்வோனுக்கு அதுவே இலக்காகுமிடத்து மனிதன் கருவியாகிவிடுகின்றான். நகரம் எத்தனை நகரங்களோடு இணைந்துள்ளது என்பதன்று, தன் மக்களை எவ்வாறு வாழவைக்கின்றது என்பதே அதன் விழுமியத்தைத் தீர்மானிப்பதாகும்.