சந்நிதிக்கு எவ்வளவு தூரம்?

முதன்முறையாக ஒரு மாநகரைக் காணப் புறப்படுகிறவன், ரயிலுக்கு டிக்கெட் எடுத்த கையோடு விசாரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் தங்கும் இடத்தைப் பற்றித்தான். விடுதி ஊருக்கு நடுவில் இருக்கிறதா, பார்க்க வேண்டியவை கூப்பிடு தூரத்தில் உள்ளனவா, இரவு நேரங்கழித்துத் திரும்பினாலும் வழி தெரியுமா என்றெல்லாம் அவன் போய் வந்தவர்களைத் துளைத்தெடுக்கிறான். இவை பணத்தையும் சௌகரியத்தையும் சேர்ந்த லௌகிக விஷயங்கள் என்றே நாம் கருதியிருக்கிறோம். கருதியதில் குற்றமும் இல்லை. ஆயினும் அந்த நகரம் காசியாக அமைந்துவிட்டால், 'கோயிலுக்கு எவ்வளவு தூரம்?' என்று அவன் விடுதிக்காரரிடம் கேட்கும் சாதாரணக் கேள்வி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பௌராணிகரும் வேதாந்தியும் சித்தாந்தியும் தத்தம் போக்கில் விடை சொல்லிவந்த பெருங்கேள்வியோடு சென்று கலந்துவிடுகிறது. எங்கும் நிறைந்ததாகச் சொல்லப்படும் பொருளுக்கு அருகு என்றும் தொலைவு என்றும் உண்டா? இல்லையென்றால் யாத்திரை எதற்கு? உண்டென்றால் அதை எந்த அளவுகோலால் அளப்பது?

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்கிழக்காக ஓடிவரும் கங்கை இவ்விடத்தில் வடக்கு நோக்கி வளைந்து செல்கிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, எதிர்க்கரை வெறும் மணற்பரப்பாகக் கிடக்கிறது. தெற்கே அஸி சங்கமத்திலிருந்து வடக்கே வருணை சங்கமம் வரையில் எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் வரிசையாக இறங்குகின்றன. ரயில் நிலையத்துக்கு அப்பால், ஆங்கிலேயர் தம் படைகளுக்கென்று வகுத்த கன்டோன்மென்ட் பகுதியில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் குளிர்சாதன அறைகளும் கொண்ட பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஆறு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதற்கு நேர்மாறாக, கொதோலியா நாற்சந்தியைத் தாண்டியதும் வாகனம் நுழைய முடியாத சந்துகள் தொடங்கிவிடுகின்றன. பெட்டியைத் தோளிலோ தலையிலோ சுமந்துகொண்டு, எருமைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் சென்றால் பழைய வீடுகளை மாற்றியமைத்த சிறு விடுதிகளை அடையலாம். கைபேசியின் வரைபடம் 'கோயிலுக்கு 300 மீட்டர்' என்று காட்டும். பறவைக்கு அது உண்மை. சந்துகளில் வழிதவறும் மனிதனுக்கு அன்று.

இந்த அளவெடுக்கும் ஆசையைப் பழித்துவிட முடியாது, ஏனெனில் அதைத் தொடங்கிவைத்தவர்களே புராணகர்த்தாக்கள். அவர்கள் அந்த க்ஷேத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்களாக வகுத்திருக்கிறார்கள்: பரந்த காசி மண்டலம், அதனுள் வாராணசி, அதனுள் அவிமுக்தம், எல்லாவற்றுக்கும் உள்ளே விசுவநாதரைச் சூழ்ந்த அந்தர்கிருகம். உள்ளே செல்லச் செல்ல மகிமை கூடும் என்பது கொள்கை. வெளிவளையத்தைச் சுற்றிவரும் பஞ்சகுரோசி யாத்திரை 80 கிலோமீட்டர் அளவுக்கு நீள்வது. கர்த்தமேசுவரம், பீமசண்டி, ராமேசுவரம், சிவபுரம், கபிலதாரை என்று ஐந்து இடங்களில் யாத்திரிகர்கள் தங்கிச் செல்வார்கள். நகரின் தென்பகுதியில் கேதாரேசுவரர் கோயிலைச் சூழ்ந்த இடத்தில் உயிர்விடுகிறவர்களுக்கு மட்டும் பைரவ யாதனை என்னும் கடைசித் தண்டனைகூடக் கிடையாது என்று தனிச் சலுகையும் சொல்லப்பட்டிருக்கிறது. தெருவுக்குத் தெரு பலன் மாறும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது, இன்றைய விடுதி விளம்பரங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் அந்த வளையங்களின் மையம் எது என்று கேட்டால் ஒரு விசித்திரம் வெளிப்படுகிறது. பஞ்சகுரோச வட்டத்தின் நடுப்புள்ளியாக மரபு குறிப்பது விசுவநாதர் சந்நிதியை அன்று. யாத்திரிகர் பலர் பெயர்கூட அறிந்திராத மத்தியமேசுவரர் என்னும் சிறு கோயிலை. விசுவநாதர் கோயிலோ 1669இல் இடிக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து 1780 வாக்கில் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கரால் பழைய இடத்துக்கு அருகே வேறிடத்தில் எழுப்பப்பட்டது. ஆக, நாம் எந்தக் கோபுரத்திலிருந்து மீட்டர் கணக்குப் பார்க்கிறோமோ, அந்தக் கோபுரமே இடம் மாறி நிற்பது. அதனால் பக்தி ஒரு விரற்கடையும் குறைந்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

சைவ சித்தாந்திகள் இந்தத் தூரத்தின் பிரச்சினையை வேறொரு வகையில் தீர்த்திருக்கிறார்கள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுக்கு முறையே சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்னும் நான்கு பேறுகளை அவர்கள் வகுத்தார்கள். இறைவன் வாழும் உலகத்தில் தானும் குடியிருப்பது முதற்படி. அவன் அருகில் இருப்பது இரண்டாம் படி. அவன் உருவத்தைத் தானும் பெறுவது மூன்றாவது. அவனோடு பிரிவற்று ஒன்றாவதே முடிந்த முடிபு. இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், நாம் எதற்காக அதிக வாடகை கொடுக்கச் சித்தமாக இருக்கிறோமோ அந்த அண்மையை அவர்கள் அலட்சியப்படுத்தவும் இல்லை, உச்சியில் ஏற்றிவைக்கவும் இல்லை. ஊருக்குள் இருப்பதைவிட அருகில் இருப்பது மேலானது. ஆனால் அருகில் இருப்பவன் இன்னும் இரண்டு படிகள் ஏற வேண்டியவன். எனக்குத் தெரிந்தவரையில், இருப்பிடத்தின் மதிப்பை இவ்வளவு நிதானமாக எடைபோட்ட வேறு சாஸ்திரம் இல்லை.

அத்வைதத்தின் விடையோ இதைவிடக் கடுமையானது. அது காசித் தெருவிலேயே பிறந்ததாகச் சொல்வது மரபு. கங்கைக்கு நீராடச் சென்றுகொண்டிருந்த சங்கரரின் எதிரே நாய்களோடு ஒரு சண்டாளன் வந்தான். விலகிப் போ என்றார்கள். அவன் விலகவில்லை. எதை எதிலிருந்து விலகச் சொல்கிறீர், அன்னத்தால் ஆன உடம்பை அன்னத்தால் ஆன இன்னோர் உடம்பிலிருந்தா, அறிவு வடிவான ஆன்மாவை அறிவு வடிவான ஆன்மாவிலிருந்தா என்ற கருத்துப்பட அவன் கேட்டான் என்றும், அதற்கு விடையாகவே 'மனீஷா பஞ்சகம்' எழுந்தது என்றும் சொல்லுவார்கள். வந்தவன் விசுவநாதரே என்று கதை முடிகிறது. அந்த முடிவு எனக்கு அவ்வளவாகத் திருப்தி தருவதில்லை. வந்தவன் வெறும் சண்டாளனாகவே இருந்திருந்தாலும் கேள்வியின் வலிமை குறைந்திராது, ஒருவேளை கூடியிருக்கும். எப்படியாயினும், அண்மை, சேய்மை என்னும் இரண்டையும் ஒரே வீச்சில் அறுத்தெறிந்த கேள்வி அது.

அறுத்தெறிந்தது தத்துவத்தில், நடைமுறையில் யார் எங்கே குடியிருக்கலாம் என்ற கணக்கு அப்படியே நின்றது. இவ்விடத்தில் நம் நந்தனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தில்லையைக் காண வந்தவர் ஊருக்குள் புகத் துணியாமல் எல்லையிலேயே இரவும் பகலும் வலம்வந்துகொண்டிருந்தார் என்கிறது பெரியபுராணம். சந்நிதித் தெருவில் வீடு யாருக்கு, எல்லைக்கு அப்பால் குடிசை யாருக்கு என்பது அருளைப் பொறுத்து அமைந்ததன்று, பிறப்பைப் பொறுத்து அமைந்தது. அந்தப் பழைய விஷமத்தின் மிச்சம், பணம் என்னும் புது உருவத்தில், 'ஆற்றைப் பார்த்த அறை' என்ற வாடகைப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. ஆனால் காசியில் இந்தக் கணக்கு ஓரிடத்தில் தலைகீழாகிறது. மணிகர்ணிகைத் துறையில் சிதைக்கு நெருப்புக் கொடுக்கும் டோம் மக்கள், தீண்டத்தகாதவர் என்று ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய குடியிருப்போ, எந்தத் துறையில் இறந்தால் சிவனே காதில் தாரக மந்திரம் ஓதுவான் என்று மகாராஜாக்கள் அரண்மனை கட்டிக்கொண்டு காத்திருந்தார்களோ அந்தத் துறையை ஒட்டியது. அவர்கள் நெருப்பு இல்லாமல் எந்த வேதியனின் சிதையும் எரியாது. புராணத்தின் அளவுகோலைக் கொண்டே பார்த்தாலும், அந்த நகரில் அவர்களைக் காட்டிலும் நல்ல இடத்தில் குடியிருப்பவர்கள் யாருமில்லை.

இனி, அண்மையை வேண்டாமென்று உதறியவர்களும் உண்டு. போதி மரத்தடியில் ஞானம் பெற்ற புத்தர், முதல் உபதேசத்தைக் காசியின் படித்துறைகளில் செய்யவில்லை. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிச் சாரநாத்தின் மான்வனத்தில் ஐந்து பேருக்குச் செய்தார். காசியிலேயே வளர்ந்து தறி நெய்த கபீர், இறக்கும் காலத்தில் மகஹருக்குப் போய்விட்டார். அங்கே சாகிறவன் கழுதையாகப் பிறப்பான் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ராமனை நெஞ்சில் வைத்தவனுக்கு ஊரின் தயவு எதற்கு என்பது அவர் கட்சி. எனினும் கபீரின் வழியை எல்லோருக்கும் விதித்துவிடலாகாது. காசியைத் துறக்க உரிமை பெற்றவர் காசியில் நெடுநாள் இருந்தவர். இன்னும் ஒரு முறையேனும் அவ்வூரைப் பாராதவன் 'எங்கிருந்தால் என்ன' என்று சொல்லுவது வைராக்கியமாகாது, சோம்பலாகவே இருக்கக்கூடும்.

ஆகவே முதல் யாத்திரிகன் எங்கே தங்குவது? சந்நிதி வாசலிலேயே தங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் கோயில்களைக் கட்டிய ஸ்தபதிகள் மூர்த்தியைக் கோபுர வாசலில் வைத்துவிடவில்லை. பிராகாரங்களையும் மண்டபங்களையும் அர்த்தமண்டபத்தையும் இடையில் வைத்து, வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் நடந்து வரும்படி மனிதனைப் பழக்கினார்கள். எங்கும் இருக்கும் பொருளுக்கு அந்தத் தூரம் தேவையில்லை, உண்மைதான். வெளியே எதையெதையோ நினைத்துக்கொண்டு வருகிற மனத்துக்குத்தான் தேவை. பசித்து உண்பவனுக்கே சோற்றின் ருசி தெரிவதுபோல, நடந்து சேர்ந்தவனுக்கே சந்நிதி சந்நிதியாகத் தோன்றுகிறது. கன்டோன்மென்டில் தங்குகிறவனுக்கும் நடை கிடையாது, வாசலில் தங்குகிறவனுக்கும் கிடையாது; முன்னவன் காரில் வந்து காரில் திரும்புகிறான், பின்னவன் செருப்பைக் கழற்றியதும் உள்ளே நிற்கிறான். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசுவநாதர் கோயில் வளாகத்துக்காக நூற்றுக்கணக்கான கட்டடங்கள் அகற்றப்பட்டு, ஆற்றங்கரையிலிருந்து நேரே கோயிலுக்கு ஏறும் விசாலமான வழி உண்டாயிருக்கிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பெரும் உபகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே முன்பு ஒரு சந்திலிருந்து மறு சந்துக்குத் திரும்பும்போதெல்லாம் அடைந்த தடுமாற்றமும் தரிசனத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதை இழந்ததற்கு வருந்துகிறவனைப் பிற்போக்குவாதி என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

என் அபிப்பிராயத்தில் முதன்முறை செல்வோருக்குத் தக்க இடம், தமிழர் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவந்த தென்பகுதியே: அனுமான் கட்டமும் கேதார கட்டமும். கேதாரத்தில் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. திருப்பனந்தாள் காசி மடத்தின் மூலம் அதுதான். அனுமான் கட்டத்தில்தான் பாரதியார் 1898 முதல் 1902 வரை அத்தை குப்பம்மாள் வீட்டில் இருந்து படித்தார். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு வந்து சேர்ந்தது அந்தக் கரையில் என்பார்கள். கொதோலியாவை அடுத்து, 1863இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் பூஜைத் திரவியங்களை 'சம்போ' என்று முழங்கிக்கொண்டு விசுவநாதர் கோயிலுக்கு நடந்தே எடுத்துச் செல்கிறார்கள். செல்வத்துக்குக் குறைவில்லாத அந்தச் சமூகம் இதைச் சந்நிதி வாசலிலிருந்து செய்யாமல் தெருவழியே நடத்திவருவதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அனுமான் கட்டத்திலிருந்து விடியற்காலையில் படிகள் வழியாக வடக்கே நடந்தால் அரிச்சந்திர கட்டத்தின் புகையைத் தாண்டி, செம்மையும் வெண்மையும் பட்டையிட்ட கேதாரேசுவரர் கோயிலைத் தாண்டி, தசாசுவமேதம் சேர்ந்து, சந்துகளில் புகுந்து விசுவநாதரை அடைய ஏறக்குறைய 2 கிலோமீட்டர். எதிர்க்கரையின் மணலுக்கு மேலே சூரியன் எழும் நேரம் அது. ஆனால் ஆவணி, புரட்டாசியில் கங்கை பெருகித் துறைகளெல்லாம் மூழ்கிவிட்டால் இந்த வழி இராது. படகும் விட மாட்டார்கள். அப்போது ஊருக்குள் திரும்பி, சோனார்புரா, மதன்புரா, கொதோலியா என்று பெருஞ்சாலையோடு போக வேண்டும். சத்தமும் சேறும் நெரிசலும் உள்ள வழி. வெள்ளத்தைச் சபித்துக்கொண்டே பலர் ரிக்‌ஷா ஏறிவிடுகிறார்கள். ஏற வேண்டாம் என்பேன். மதன்புரா, பனாரஸ் பட்டு நெய்யும் முஸ்லிம் நெசவாளரின் பேட்டை. கபீரும் தறியில் உட்கார்ந்த குலத்தவரே. விசுவநாதரைத் தரிசிக்கப் போகிறவன் வழியில் அந்தத் தறிச்சத்தத்தையும் கேட்டுக்கொண்டு போவதற்கு, மழைக்கால யாத்திரை ஒரு நல்ல சாக்கு.