விளக்கு கொடுத்தாயிற்று, நெய்க்கு என்ன வழி?

மும்பை மாட்டுங்காவில் கிரி டிரேடிங் கடையில் தமிழ் ஸ்லோகப் புத்தகம் வாங்குகிறவர் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. அதே ஸ்லோகத்தைக் கைப்பேசியில் தமிழில் தட்டி உறவுக்காரர்களுக்கு அனுப்பும்போது, அந்த விசைப்பலகைக்கோ எழுத்துருவுக்கோ அவர் காலணா கொடுத்திருக்க மாட்டார். கொடுக்க வேண்டும் என்று தோன்றியும் இருக்காது. இலவசமாகத்தானே வந்தது!

இலவசமாக வந்த வித்தைக்குக் கடன் உண்டா? செய்தவர் கூலி வாங்கிக்கொண்டால் அது தானமா, உத்தியோகமா? தமிழ்க் கணிமை தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் கேள்வி அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்துகொடுத்த நூல்களால் வளர்ந்தது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவை இலவசமாகவே தந்தார், 2006இல் காலமானார். தமிழில் மென்பொருள் எழுதுவது தொண்டு, தொண்டுக்குக் காசு கேட்பது அசிங்கம் என்று எல்லோரும் சொல்லாமலே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் செய்கிறவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், உடம்பு முடியாமல் போகும். விண்டோஸின் அடுத்த பதிப்பு இதற்கெல்லாம் காத்திருக்காது.

தமிழ் வட்டாரத்தில் புகழ்பெற்ற தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகள் ‘கீமேன்’ என்ற தளத்தின் மேல் ஓடியவை. கீமேனை 1993இல் லாவோ மொழிக்காக எழுதியவர் ஆஸ்திரேலியரான மார்க் டர்டின். அது விற்பனைச் சரக்காக இருந்தது; சிறு மொழிகளை நம்பிப் பிழைப்பு நடத்துவது எளிதா என்ன? 2015இல் எஸ்ஐஎல் என்ற அமைப்பு அதை வாங்கியது, பிறகு யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலமாகவும் இலவசமாகவும் ஆக்கியது. எஸ்ஐஎல் பைபிள் மொழிபெயர்ப்போடு வளர்ந்த கிறிஸ்தவ நிறுவனம். இன்று தமிழில் பரவலாகப் புழங்கும் நோட்டோ எழுத்துருக்கள் வெளிவரும் திறந்த எழுத்துரு உரிமமும் அவர்கள் வகுத்ததே. மாட்டுங்கா பக்தர் கைப்பேசியில் படிக்கும் திருப்புகழுக்குப் பின்னால் சர்ச் காணிக்கைக்கும் பங்கு இருக்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் சமாஜங்கள் யோசிப்பதற்கு மட்டும் நிறைய இருக்கிறது.

ஏனென்றால் பராமரிப்புக்குக் காசு ஒதுக்குவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. சோழர் காலத்தில் நந்தா விளக்கு வைத்தவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் 96 குறையக் கூடாது. ஈன்ற குட்டி அந்த இடத்தை நிரப்பும். அதனாலேயே ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். இடையருக்கும் பிழைப்பு, கோயிலுக்கும் வெளிச்சம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய, கோயிலில் ஆடும் 400 தளிப்பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கல்வெட்டில் இருக்கின்றன. நெல் வாங்கியதால் அவர்கள் ஆடியது இறைபணி இல்லை என்று அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்கிறதே கீதை என்பார்கள். சொன்னது செய்கிறவனுக்கு. வாங்கிக்கொள்கிறவன் அந்த உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பர்ஸை மூடுவது தர்மமாகாது.

மும்பைத் தமிழர்களும் தொண்டுக்குக் கூலி கொடுத்துக் காட்டியவர்கள்தான். 1932இல் மாட்டுங்காவில் உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் ஆசிரியர்கள் சம்பளம் வாங்கினார்கள். அதனால் அது வித்யா தானம் இல்லை என்று யார் சொன்னார்கள்?

காசு கொடுக்காததன் விலை 2014இல் உலகத்துக்கே தெரிந்தது. இணையத்தின் பெரும்பகுதியைக் காவல் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, அதற்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்ற செய்தியும் வெளியே வந்தது. பெங்களூரு ஜெரோதா நிறுவனம் 2024இல் திறமூல மென்பொருளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று நிதி அறிவித்தது, நல்ல தொடக்கம். நம் பவாய் ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் திறமூலப் பணி செய்யும் மாணவர்களுக்கு அரசுப் பணத்தில் மதிப்பூதியம் கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் நிஜமானது. ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் சும்மா உழைக்கும் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வராதா? பழைய பிஓஎஸ் இயங்குதளத்தின் வாரிசான ஹைக்கூவை உலகில் வெகு சிலரே பயன்படுத்துகிறார்கள். தன்னார்வலர்களே கட்டிய அந்தத் தளத்துக்காக 2021இல் நன்கொடைப் பணத்தில் ஒருவரை முழுநேரமாக அமர்த்தினார்கள். மற்றவர்கள் விலகிப் போய்விடவில்லை, தளமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கணக்கைத் திறந்து வைத்தால் மனத்தாங்கல் பாதி குறையும்.

புது மண்டபம் என்றால் செம்பூரிலும் தாராவியிலும் நன்கொடைப் புத்தகம் நிரம்பிவிடும். பழைய மண்டபத்து ஒழுகலை அடைக்கக் கேட்டால் ஆள் தேட வேண்டும். மென்பொருளில் பெரும்பகுதி ஒழுகல் அடைக்கிற வேலை. அன்னதானத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் பணம் ஒதுக்கும் மும்பைச் சங்கங்கள், அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: தமிழ் மென்பொருள் பராமரிப்பு, ஆண்டுதோறும்.