அரசிடம் இல்லாத கோபம்

2022 மே மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. மே 13 அன்று வந்ததைத் தமிழ்நாட்டில் அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் முன்விடுதலை கேட்டுப் போட்ட மனுவை குஜராத் அரசே பரிசீலிக்கலாம் என்றது அது. மே 18 அன்று வந்ததைக் கவனிக்காதவர்கள் இங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பேரறிவாளன் விடுதலை. பத்தொன்பது வயதில் உள்ளே போனவர், ஐம்பதில் வெளியே வந்தார். அன்று ஜோலார்பேட்டையில் லட்டு கொடுத்தார்கள், பறை அடித்தார்கள். முதலமைச்சர் அவரைக் கட்டியணைத்த படம் எல்லா செய்தித்தாள்களிலும் வந்தது. அற்புதம்மாளின் முகத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தில் மாற்றமில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, கோத்ரா கிளைச் சிறை வாசலில் பதினோரு பேருக்கு லட்டு ஊட்டினார்கள். மாலை போட்டார்கள், காலில் விழுந்தார்கள். அன்று நான் எழுதிய கோபமான பதிவின் கீழே, கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் வந்து கேட்டான்: “நீங்க பண்ணா தாய்ப்பாசம், அவங்க பண்ணா பாசிசமாடா?”

விதண்டாவாதம் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவன் கேட்ட தொனி அப்படித்தான் இருந்தது. ஆனால் தொனி மோசமாக இருப்பதாலேயே கேள்வி மோசமாகிவிடாது. இரண்டு வழக்கும் கொலை வழக்கு. இரண்டிலும் ஆயுள் தண்டனை. இரண்டிலும் மாநில அரசு விரும்பித்தான் கதவு திறந்தது. இரண்டிலும் இனிப்பு.

உடனே வாயில் வருகிற பதில் ஒன்று உண்டு: பேரறிவாளன் நிரபராதி. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், அந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக 2013இல் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டதில் ஒரு மனிதனின் இளமை முழுக்கப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் நண்பனின் கேள்விக்கு இது பதில் ஆகாது. ஏன்னா, நீதிமன்றம் அவரை நிரபராதி என்று சொல்லி விடவில்லை. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், 2018இல் கொடுத்த பரிந்துரையை இப்படி வருடக்கணக்கில் கிடப்பில் போட்டது தவறு என்று சொல்லி, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. அதே நவம்பர் 11 அன்று மீதி ஆறு பேரும் விடுதலையானார்கள். அவர்களில் எல்லோருக்கும் சொல்வதற்கு ஒரு பேட்டரிக் கதை கிடையாது. நமக்கு அவர்கள் விடுதலையும் சம்மதமாகத்தான் இருந்தது. தவிர, ஒருவர் உண்மையிலேயே குற்றம் செய்யாதவர் என்றால் அவருக்குத் தண்டனையைக் குறைப்பது ஒரு சலுகையே இல்லை, அவமானம். ஆக, நிரபராதி என்கிற பதிலை ஓரமாக வைத்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது: குற்றம் செய்த ஒருவரை அரசு எந்த உரிமையில் முன்கூட்டி விடுகிறது?

இதற்கு குஜராத் வரை போகவே வேண்டாம். மேலூர் பக்கத்தில் மேலவளவு இருக்கிறது.

1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஓடுகிற பேருந்தை நிறுத்தி அவரையும் இன்னும் ஐந்து பேரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார்கள். பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டும் உறுதி செய்தன. பிறகு என்ன ஆனது? 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர் விடுதலை. 2019 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி பதின்மூன்று பேர் விடுதலை. ஒரு கழகம் மூன்று, இன்னொரு கழகம் பதின்மூன்று. அப்போது என் டைம்லைனில் வந்த கோபம், பில்கிஸ் பானுவுக்காக வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தச் சமயத்தில் என் சித்தப்பாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “அதான் உள்ள இருந்துட்டு வந்துட்டாங்கல்லப்பா, விடு” என்றார். சரி, எவ்வளவு இருந்தால் போதும்? ஆயுள் தண்டனை என்றாலே பதினாலு வருஷம் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி அது சாகும்வரை. பதினாலு என்பது கொலை மாதிரியான வழக்குகளில் அதற்கு முன்பு விடக் கூடாது என்று 1978இல் கொண்டுவந்த வரம்பு. அந்த வரம்புகூட அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவின் கீழ் ஆளுநர் பெயரில் வரும் உத்தரவுகளைக் கட்டுப்படுத்தாது. பிறந்தநாள் விடுதலைகளில் பத்து வருஷம் முடித்தவர்களெல்லாம் வெளியே வருவது இந்த வழியில்தான்.

தலைவர் பிறந்தநாளுக்கும் சிறைக்கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் இங்கே கேட்பதில்லை. காந்தி, அண்ணா, எம்ஜிஆர்... ஏதோ ஒரு நாள் வந்தால் ஒரு பட்டியல் வரும். 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளுக்கு 700 பேர் என்று அறிவித்தார்கள். மதக்கலவர வழக்குகளில் சிக்கியவர்களுக்கு அதில் இடமில்லை என்றும் விதி போட்டார்கள். கோவை குண்டுவெடிப்புக் கைதிகளின் குடும்பங்கள் அன்றும் வாசலிலேயே நின்றன. யார் உள்ளே, யார் வெளியே என்பதை இந்த மாதிரி விதிகள் பெயர் சொல்லாமலே சொல்லிவிடும்.

இந்தப் பழக்கம் நமக்கு மிகவும் பழையது. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் அரசன் பிறந்தநாளுக்குப் பெருமங்கலம் என்று ஒரு துறையே இருக்கிறது. வெள்ளணி நாள் என்றும் சொல்வார்கள், அன்று அரசன் வெள்ளை உடுத்துவான். அந்த நாளில் அவன் தன் சினத்தை விட்டு, சிறையில் இருப்பவர்களை விடுவிப்பான் என்று உரைகளில் படித்திருக்கிறோம். முதல் தடவை வகுப்பில் கேட்டபோது எவ்வளவு அழகான வழக்கம் என்று தோன்றியது. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அரசன் விட்டுக்கொடுப்பது தன்னுடைய சினத்தை. அங்கே சிறைப்பட்டவன் அரசனுக்குப் பகைவன், திறை கட்டாதவன், அரசனை எதிர்த்தவன். அந்தக் கோபம் அவன் சொத்து. அவன் அதை வைத்துக்கொள்ளலாம், கொடுத்துவிடலாம்.

மேலவளவு விஷயத்தில் தமிழக அரசுக்கு என்ன கோபம் இருந்தது விட்டுக்கொடுக்க? குஜராத் அரசுக்கு அந்தப் பதினோரு பேர் மேல் கோபம் இருந்ததாக யாராவது சொல்ல முடியுமா? 2002இல் ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு பெண்ணைக் கூட்டு வன்புணர்வு செய்து, மூன்று வயதுக் குழந்தை உட்பட அவள் வீட்டு ஆட்களைக் கொன்றவர்கள் அவர்கள். குஜராத்தில் நியாயமான விசாரணை நடக்காது என்றுதான் உச்ச நீதிமன்றம் வழக்கை மும்பைக்கு மாற்றியது. கோபம் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அதை அரசு எடுத்து, ஒரு சுதந்திர தினத்தில், தன் பெயரில் தானம் செய்தது.

‘கருணை மனு’ என்ற சொல்லே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்று எனக்குப் படுகிறது. அரசால் மன்னிக்க முடியாது. அரசால் முடிவதெல்லாம், ‘இதற்கு மேல் தண்டிக்க மாட்டேன்’ என்று நிறுத்திக்கொள்வதுதான். அதற்கு நல்ல காரணங்கள் இருக்கலாம், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. மனிதர்கள் மாறுகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் அரிவாள் தூக்கியவனும் இன்று சிறை நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவனும் அதே ஆள் இல்லை. யாரையும் சாகும்வரை பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதில் சாதி வெறியர்களுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டால் என் நண்பன் சொன்னது சரி என்றாகிவிடும்.

அப்படியென்றால் எனக்கு என்னதான் பிரச்சினை?

முன்விடுதலை தரலாமா என்று பார்க்க, லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்ன ஐந்து அளவுகோல்கள் உண்டு. குற்றம் சமூகத்தையே பாதிக்காத தனிப்பட்ட ஒன்றா? திரும்பச் செய்ய வாய்ப்பு இருக்கிறதா? குற்றம் செய்யும் திறனை அவர் இழந்துவிட்டாரா? இன்னும் உள்ளே வைத்திருப்பதில் ஏதாவது பயன் உண்டா? கைதியின் குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? அவ்வளவுதான். கைதியின் குடும்பம் இருக்கிறது, செத்தவரின் குடும்பம் இல்லை. உயிர் பிழைத்தவள் இல்லை. அவள் ஊரைவிட்டு எத்தனை வீடு மாறினாள், வெளியே வருகிறவன் அவள் தெருவுக்குத்தான் வரப்போகிறானா என்ற கேள்விகளுக்கு இதில் நேரடியான இடமே கிடையாது. அன்று பில்கிஸ் பானு வெளியிட்ட அறிக்கையில் சொன்ன முக்கியமான விஷயமும் இதுதான்: இப்படி ஒரு முடிவை எடுப்பதற்கு முன் என் பாதுகாப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்த்த 15ஏ பிரிவு, ஜாமீன், பரோல், விடுதலை போன்ற நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவர் பேசும் உரிமையைத் தருகிறது. நல்ல பிரிவு. நீதிமன்ற அறையில் அது வேலை செய்யும். தலைமைச் செயலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும் கோப்பு வரைக்கும் அது எட்டுமா?

அதற்காகப் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால்தான் விடுதலை என்று விதி வைத்துவிடலாமா என்றால், கூடாது. கிராமத்தில் அது எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு நாலு பெரிய மனுஷங்க வீட்டுக்கு வருவாங்க. “நடந்தது நடந்துபோச்சும்மா, ஒரே ஊர்ல வாழணும்ல” என்று ஆரம்பிப்பாங்க. கையெழுத்துப் போடும்வரை அந்தப் பெண்மணிக்குத் தூக்கம் இருக்காது. மன்னிக்கும் உரிமை என்று நாம் கொடுப்பது அவள் தலையில் இன்னொரு சுமையாக இறங்கும். தவிர, மன்னிப்பு சட்டத்துக்குள் அடங்குவதும் இல்லை. 2008இல் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்குப் போய் நளினியைப் பார்த்தார். அந்தச் சந்திப்பு அவர்கள் இருவருக்குமானது. அதற்குப் பிறகும் பதினாலு வருஷம் நளினி சிறைவாசிதான்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி மட்டும் சாகவில்லை. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள், மாலை போட வந்த கட்சிக்காரர்கள் என்று உடன் செத்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல். அவர்கள் வீடுகளுக்கு யார் போனார்கள்? எழுவர் விடுதலைக்கு நான் ஆதரவு என்றால், அந்த வீடுகளில் இருப்பவர்கள் என் முகத்துக்கு நேராகத் திட்டுவதைக் கேட்கவும் நான் தயாராக இருக்க வேண்டும். விடுதலையான மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடியதை இங்கே பலர் மீம் போட்டுக் கேலி செய்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கட்சி நாடகம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே அப்பாவை இழந்த ஒருவர் நின்றிருக்கலாம்.

இப்போது லட்டுக்கு வருகிறேன். என் நண்பன் இரண்டு லட்டையும் ஒரே தட்டில் வைத்தான். விடுதலை ஆணை ‘தண்டனை போதும்’ என்று சொல்கிறது. கோத்ராவில் போட்ட மாலை ‘நீங்கள் செய்ததில் தப்பில்லை’ என்று சொன்னது. அவர்களை விடச் சொல்லிப் பரிந்துரைத்த குழுவில் இருந்த ஒரு சட்டமன்ற உறுப்பினர், அவர்கள் பிராமணர்கள், நல்ல பண்பாடு உள்ளவர்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். ஜோலார்பேட்டையில் பறையடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பைக் கொண்டாடவில்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது. ஆனால் அது எப்போதைக்குமாக நமக்கு எழுதிக்கொடுத்த வித்தியாசம் இல்லை. 2019இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் ஒரு கட்சித் தலைவர், ராஜீவைக் கொன்றது நாங்கள்தான் என்று பெருமையாக மேடையில் பேசினார், கீழே விசில் பறந்தது. அந்த ஐந்து நிமிஷம் அந்த மைதானமும் கோத்ரா சிறை வாசல்தான். எழுவரும் அப்போது உள்ளேதான் இருந்தார்கள், அந்தப் பேச்சால் அவர்களுக்கு ஒரு நன்மையும் கிடையாது.

2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் பதினோரு பேரின் விடுதலையை ரத்து செய்தது. நாகரத்னாவும் உஜ்ஜல் புய்யானும் எழுதிய அந்தத் தீர்ப்பைப் படித்து நானும் நிம்மதியானேன். ஆனால் அதன் அடிப்படை என்ன? விசாரணை நடந்து தண்டனை தந்தது மும்பையில், ஆகவே முடிவெடுக்கும் அதிகாரம் மகாராஷ்டிரத்துக்கு, அதை குஜராத் பறித்துக்கொண்டது என்பதுதான். 2022 மே 13 உத்தரவே உண்மைகளை மறைத்து வாங்கப்பட்டது என்றும் சொன்னார்கள். சரியான தீர்ப்பு. ஆனால் எந்த ஊர் அலுவலகம் என்பதற்கான பதில் அது. நாளைக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு கோப்பு திறந்தால் அதே ஐந்து அளவுகோல்கள்தான்.

பதினோரு பேரும் ஜனவரி 21 நள்ளிரவு நெருங்கும்போது கோத்ரா சிறைக்குத் திரும்பி வந்து சரணடைந்தார்கள். அடுத்த மாதமே அவர்களில் ஒருவருக்கு, அக்கா மகனோ தங்கை மகனோ, அந்தக் கல்யாணத்துக்காக உயர் நீதிமன்றம் பத்து நாள் பரோல் கொடுத்தது. அன்றும் அதே நண்பன் செய்தியின் இணைப்பை அனுப்பினான், “இதுக்கும் கோபமா?” என்று. இல்லை என்று பதில் போட்டேன். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பேரறிவாளனும் அப்பாவின் உடம்புக்காகப் பரோலில் வந்தவர்தான். அவன் போகட்டும், ஆனால் அவன் கிளம்புவதற்கு முன் யாராவது அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை அவன் வெளியே இருப்பான் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினேன். அவன் ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கொண்டே இருந்தான். கடைசியில் எதுவும் வரவில்லை.